வீட்டுக் கடன் தந்த வங்கிக் கிளை: ஓர் அனுபவ மதிப்பீடு

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் அடுக்குமாடி வீடு வாங்குவதற்காக, அல்சூரில் எங்கள் வீட்டருகே உள்ள ஒரு வங்கிக் கிளையில் 2024 இறுதியில் 20 ஆண்டு தவணையில் 60 லட்சம் ரூபாய் கடன் பெற்றோம். பத்திரங்களைச் சரிபார்த்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பி காத்தா சொத்தாக, அதாவது முறையான அனுமதிகள் முழுமையாக இல்லாமல் மாநகராட்சியின் தனிப் பதிவேட்டில் உள்ள சொத்தாக, இருந்தால் கடன் கிடைப்பது கடினம் என்பதை முதல் நாளே, அதுவும் தமிழிலேயே, விளக்கினார்கள்.

குறை பிறகுதான் தெரிந்தது. ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை) 6.5 சதவீதத்திலிருந்து 5.5 சதவீதமாகக் குறைத்த பிறகும், மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது மாற்றியமைக்கப்பட வேண்டிய எங்கள் மாறும் வட்டி, கடிதம் எழுதிக் கேட்கும்வரை அசையவில்லை. வட்டி 9 சதவீதத்திலிருந்து 8 ஆனால் இத்தகைய கடனில் மாதத்தவணை ஏறக்குறைய 3,800 ரூபாய் குறையும். நடுத்தரக் குடும்பத்துக்கு அது சிறிய தொகையன்று. தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா என்றும் எங்களைக் கேட்கவில்லை.

முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் கடன் கிடையாது என்பதைக் கடைசி வாரத்தில்தான் சொன்னார்கள். கர்நாடகத்தில் பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் இறுதியில் 1 சதவீதத்திலிருந்து 2 ஆக உயர்ந்திருப்பதால், இப்போது வாங்குவோர் அதற்கும் கையிருப்பு வைத்திருக்க வேண்டும். முன்கூட்டியே ஒரு பகுதியை அடைத்தபோது அபராதம் ஏதும் கேட்கவில்லை. மாறும் வட்டிக் கடனில் அப்படிக் கேட்கவும் கூடாது.