மூன்று சங்கம், ஒரு விழா, ஒரு கூகுள் ஷீட்

வாணி விழா, பொங்கல் விழா, ஒளி விழா, இப்தார் என்று மலையகத்து வளாகங்களில் இரண்டு மூன்று மாணவர் சங்கங்கள் சேர்ந்து செய்யும் நிகழ்ச்சிகளுக்குக் காசு கட்டிப் பாவிக்கும் செயலி எதுவும் வேண்டாம். கூகுளின் அட்டவணைச் செயலியான கூகுள் ஷீட்ஸ் போதும். இலவசம், எல்லாருடைய போனிலும் திறக்கும், ஒரே நேரத்தில் 100 பேர் வரை எழுதலாம். ஆனால் ஒரு ஒழுங்கும் வைக்காமல் இணைப்பை மட்டும் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், இல்லாத குழப்பத்தையும் அதுவே கொண்டுவரும்.

ஒரே கோப்புக்குள் மூன்று தாள்கள் போதும்: வேலை, பணம், நேரம். வேலைத் தாளில் என்ன, எத்தனை, யார், எந்தத் திகதிக்குள், நிலை என ஐந்து நிரல்கள். ‘யார்’ என்ற இடத்தில் சங்கத்தின் பெயரைப் போடவே கூடாது. ‘கதிரை 300 – தமிழ்ச் சங்கம்’ என்று எழுதினால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று அந்தச் சங்கத்தில் எல்லாருமே இருந்துவிடுவார்கள். இல்லாவிட்டால் இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்லி 600 கதிரை வந்து இறங்கும். ஒரு நிரைக்கு ஓர் ஆள், பக்கத்தில் அவருடைய போன் இலக்கம். சாப்பாட்டை மட்டும் ஒரே நிரையில் அடக்க வேண்டாம். மரக்கறி எத்தனை, ஹலால் எத்தனை என்று பிரித்து எழுதாத கூட்டு விழாவில் மனஸ்தாபம் அங்கேதான் தொடங்கும்.

பணத் தாளில்தான் ஷீட்ஸ் தன் பெறுமதியைக் காட்டும்; காலை வாருவதும் அங்கேதான். பேசிய தொகை, முற்பணம், மீதி, பற்றுச்சீட்டு இலக்கம், செலவு செய்த சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நிரலைக் கையால் எழுத விடாமல் தெரிவுப் பட்டியலாக்க வேண்டும். ஒருவர் ‘தமிழ்ச் சங்கம்’ என்று எழுதுவார், இன்னொருவர் ‘தமிழ்சங்கம்’ என்று ‘ச்’ என்ற ஒற்றையும் இடைவெளியையும் விழுங்கிவிடுவார். நமக்கு இரண்டும் ஒன்று, பெயர் வாரியாகத் தொகையைக் கூட்டும் சம்இஃப் (SUMIF) சூத்திரத்துக்கு இரண்டு வேறு சங்கங்கள். மொத்தம் குறைவாக வரும், ஏன் என்று யாருக்கும் பிடிபடாது, சிரேஷ்ட பொருளாளர் கணக்கறிக்கை கேட்கும் நாளில்தான் தெரியவரும். டேட்டா மெனுவில் உள்ள டேட்டா வலிடேஷனில் பட்டியலைக் கொடுத்து, பட்டியலில் இல்லாததை நிராகரிக்கும்படி வைத்தால் இந்த வில்லங்கம் இல்லை.

அடுத்த பொறி திகதி. கோப்பின் லொகேல், அதாவது எந்த நாட்டு முறையில் திகதியை வாசிப்பது என்ற அமைப்பு, அமெரிக்காவாக இருந்தால் 03/10 என்று அடிப்பது ஒக்டோபர் 3 அல்ல, மார்ச் 10. 25/10 என்று அடித்தால் 25ஆம் மாதம் இல்லாததால் அதை வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். திகதி வாரியாக அடுக்கும்போது இடம் மாறி நிற்கும். கண்டுபிடிப்பது சுலபம்: உண்மையான திகதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் போய்விடும். முதல் நாளே செட்டிங்ஸில் லொகேலை ஐக்கிய இராச்சியமாகவும் நேர வலயத்தைக் கொழும்பாகவும் மாற்றிவிடுங்கள்.

வேண்டிய நிரைகளை மட்டும் காட்டும் சாதாரண பில்டரை ஒருவர் போட்டால் எல்லாருக்கும் நிரைகள் மறையும். ‘என்னுடைய வேலையைக் காணவில்லை, யார் அழித்தது?’ என்ற சண்டைகளில் பாதி இதனால்தான். தனக்கு மட்டும் பார்ப்பதற்குப் பில்டர் வியூ இருக்கிறது. உண்மையாகவே அழிந்திருந்தால் கணினியில் பழைய பதிப்புகளின் வரலாற்றைத் திறந்து, யார் எப்போது மாற்றினார் என்று பார்த்து மீட்கலாம். வட்ஸ்அப்பில் இந்த வசதி கிடையாது. அதை வாக்கெடுப்புக்கும் அவசரச் செய்திக்கும் வைத்துக்கொண்டு, தாளில் ஏறாதது முடிவல்ல என்று மூன்று செயலாளர்களும் முதல் கூட்டத்திலேயே ஒத்துக்கொள்வது நல்லது.

நேரத் தாளில் மலையகத்துக்கென்று ஒரு நிரல் கூடுதலாக வேண்டும்: மழை. வாணி விழா வரும் பருவத்தில் பின்னேர இடிமழை சாதாரணம். பேராதனையின் சரச்சந்திர திறந்தவெளி அரங்கில் பார்வையாளர் வானத்துக்குக் கீழேதான் உட்கார வேண்டும். மழை வந்தால் எந்த மண்டபம், அதன் திறப்பு யாரிடம், மைக் செட்டை மூடத் தறப்பாள் எத்தனை என்று நிகழ்ச்சிக்கு நேரே எழுதியிருக்க வேண்டும். ஹற்றனிலிருந்து ஒலி அமைப்பு வருவதாக இருந்தால் லொறி புறப்படும் நேரத்தையும் எழுதுங்கள். கினிகத்தேனைப் பாதையில் மூடுபனி இறங்கினால் வேகமாக வர முடியாது.

விழா நாளில் போனை நம்பி இருக்க வேண்டாம். முன்கூட்டியே ஓஃப்லைன் வசதியைப் போட்டு வைத்திருந்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் ஷீட்ஸ் செயலியில் கோப்பைத் திறக்கலாம். ஆனால் இருவர் ஒரே கட்டத்தை மாற்றியிருந்தால் ஒருவருடையது போய்விடும். நேரத் தாளை மட்டும் அச்செடுத்து, ஒன்றை மைக் மேசையிலும் ஒன்றை மேடைக்குப் பின்னாலும் ஒட்டுங்கள்.

ஷீட்ஸில் எங்களுக்குப் பிடிக்காதது கோப்பின் உரிமை விவகாரம். இறுதி வருட மாணவர் பல்கலைக்கழக மின்னஞ்சலில் கோப்பைத் தொடங்கினால், அதன் உரிமையை வெளியில் உள்ள ஜிமெயிலுக்கு மாற்ற முடியாது. கணக்கு அழிக்கப்பட்டால் கோப்பும் போய்விடும். பிரதி எடுக்கலாம்தான், ஆனால் பழைய பதிப்புகளின் வரலாறு பிரதியோடு வராது. ஆகவே கூட்டு விழாவுக்கென்று ஒரு ஜிமெயில் திறந்து, கோப்பை அதில் தொடங்குவதே சரி. இரண்டு வருடம் எட்டிப் பார்க்காத கணக்கைக் கூகுள் அழிக்கக்கூடும் என்பதால் விழா இல்லாத வருடத்திலும் ஒருமுறை உள்ளே போய் வர வேண்டும். உள்நுழையும்போது வரும் இரகசிய இலக்கம் யாருடைய போனுக்குப் போகிறது என்று பாருங்கள். அனேகமாகப் பட்டம் பெற்றுப் போன பழைய செயலாளருடையதாக இருக்கும். புதிய நிர்வாகம் தெரிவாகும் கூட்டத்திலேயே, அவர் பக்கத்தில் இருக்கும்போது, அந்த இலக்கத்தை மாற்றிவிடுங்கள்.