மறியலுக்குத் திரும்பிப் போறதைக் குறைக்க எந்த வழி? ஹவாய், லூசியானா, மிசூரி, கலிபோர்னியா, அதோட நம்மட படுவான்கரை

கோட்ல "மறியல் இல்ல, வெளியில இருந்து வேலை செய்து குடுத்தா காணும்" எண்டு சொன்ன உடன வீட்டுல எல்லாருக்கும் உசிர் வந்த மாதிரி இருக்கும். அந்தக் கட்டளையில இருக்கிற ஒரு நிபந்தனை தவறினாலும் திரும்ப சிறைக்குள்ள போக வேண்டி வரலாம் எண்டது அந்த நேரம் ஆர்ட மண்டையிலயும் ஏறாது.

என்ட தங்கச்சிட மகன் சின்னக் கஞ்சாப் பொட்டலம் ஒண்டோட பிடிபட்டு, 1999ஆம் ஆண்டு 46ஆம் இலக்கச் சட்டத்துக்குக் கீழ அவனுக்கு சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை கிடைச்சது. சின்னக் குற்றத்துக்கு மறியலுக்கு அனுப்பாம சம்பளமில்லாத வேலை, கவுன்சலிங் எண்டு குடுக்கிற சட்டம். நல்ல சட்டம், அதுல எனக்குக் குறை இல்ல. ஆனா பெடியன் இருக்கிறது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால படுவான்கரையில, மண்டூர்ப் பக்கம், வேலை செய்ய வேண்டிய இடம் கிழக்கால எழுவான்கரையில. விடிய எழும்பி குருமண்வெளிக்கு வாற பாதையில, அதாவது வாவியக் கடக்கிற மிதவையில, ஏறோணும், காத்து கூடின நாள் பாதை ஓடாது, அது விட்டா வெல்லாவெளியால சுத்தி பஸ்ஸுல வாறதுக்குள்ள பத்து மணியாப் போயிரும். பெப்ரவரி மார்ச்ல வேளாண்மை வெட்டு, மூட்டை தூக்கப் போனாத்தான் அந்த வீட்டுல உலை கொதிக்கும். ரெண்டு கிழமை வரல்ல. ஒருத்தரும் ஒரு கோல் எடுத்து ஏன் எண்டு கேக்கல்ல, நேர பிடியாணை. தங்கச்சி எனக்கு போன் எடுத்து "அண்ணன், இவன் இப்ப களவெடுத்தானா, ஆரையும் அடிச்சானா, எதுக்கு இவன திரும்பக் கொண்டு போறாங்க" எண்டு அழுதாள். எனக்குச் சொல்ல ஒண்டும் வாயில வரல்ல.

அதுக்குப் பிறகுதான் மற்ற நாடுகள்ல இதுக்கு என்ன செய்யிறாங்க எண்டு தேடித் தேடி வாசிச்சன். கூட எழுதியிருக்கிறது அமெரிக்காவைப் பத்தித்தான், ஏனெண்டா அங்க பிரச்சினை அவ்வளவு பெரிசு. 2019ல வந்த கணக்குப்படி மாநில மறியல்களுக்குள்ள போறவங்கள்ல 45 வீதம் புரொபேஷன் (மறியலுக்குப் பதிலா வெளியில கண்காணிப்பு) இல்லாட்டி பரோல்ல (தண்டனை முடிய முன்னம் விட்டு வெளியில கண்காணிப்பு) இருந்து தவறினவங்க, அதுல அரைவாசிக்கும் மேல புதுக் குற்றம் எதுவும் செய்யாம, சைன் வைக்க வராதது, டெஸ்ட்ல போதைமருந்து தெரிஞ்சது மாதிரியான டெக்னிக்கல் மீறலுக்காகப் போனவங்க.

முதல்ல ஹவாய். 2004ல ஹொனலூலுவில ஸ்டீவன் ஆம் எண்ட நீதவான் தொடங்கின ஹோப் திட்டம். புரொபேஷன்ல இருக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிறம் குடுப்பாங்க, தினமும் விடிய ஒரு நம்பருக்கு கோல் எடுத்து கேக்கோணும், அண்டைக்கு தன்ட நிறம் சொன்னா போய் போதைமருந்து டெஸ்ட் குடுக்கோணும். தவறினா உடன மறியல்தான், ஆனா ரெண்டு மூண்டு நாள் மட்டும். பத்துத் தரம் விட்டுப் பிடிச்சு கடைசியில வருஷக் கணக்குல போடுறத விட இது நேர்மையா இருக்கு எண்டதுதான் அவர்ட எண்ணம், எனக்கும் வாசிக்கக்குள்ள சரியாத்தான் பட்டது. 2009ல வந்த ஆய்வுல 493 பேர சீட்டுக் குலுக்கின மாதிரி ரெண்டாப் பிரிச்சு ஒரு வருஷம் பாத்தாங்க. புதுசாப் பிடிபட்டது ஹோப்ல 21 வீதம், வழமையான புரொபேஷன்ல இருந்த மற்றப் பக்கம் 47. புரொபேஷன் ரத்தானது 7 வீதம், மற்றப் பக்கம் 15. இதப் பாத்து அமெரிக்கா முழுக்க கொப்பி அடிக்கத் தொடங்கிட்டாங்க.

மறுகா நடந்ததத்தான் கவனிக்கோணும். ஆர்கன்சா, மசாசூசெட்ஸ், ஒரிகன், டெக்சாஸ் எண்டு நாலு இடத்துல ஏறக்குறைய 1,500 பேர வைச்சு அதே மாதிரிக் குலுக்கிப் பாத்தாங்க, 2016ல முடிவு வந்தது, திரும்பப் பிடிபடுறதுல சொல்லக்கூடிய வித்தியாசம் இல்ல. டெலவெயர்லயும் இதே மாதிரி ஒண்டு செய்து அங்கயும் பலன் தெரியல்ல. அப்ப ஹவாயில வேலை செய்தது அந்த மூண்டு நாள் மறியலா, இல்லாட்டி ஒவ்வொருத்தரையும் முகத்தைப் பாத்து பேசி எச்சரிச்ச நீதவானா? ஆள் மாறினா பலன் மாறுற திட்டத்த சட்டமாக் கொண்டு வந்து என்ன செய்யிற.

அடுத்தது லூசியானா. 2007ல ஒரு சட்டம், முதல் தடவை டெக்னிக்கலாத் தவறினா 90 நாளுக்கு மேல உள்ள வைக்கேலாது. அவ்வளவுதான், வேற ஒரு சோடிப்பும் இல்ல. பிறகு கணக்குப் பாத்தா, அப்பிடிப் போனவங்க உள்ள இருந்த காலம் சராசரியா 281 நாளால குறைஞ்சிருக்கு, புதுக் குற்றத்துக்காகத் திரும்பி வாறதும் 22 வீதம் குறைஞ்சிருக்கு. 281 நாள் எண்டா என்னெண்டு யோசிச்சுப் பாருங்க, கிட்டத்தட்ட ரெண்டு போகம்! ஒரு மனிசன் ரெண்டு போகம் விதைக்காம வெட்டாம உள்ள இருந்திட்டு வெளிய வந்து எங்க நிக்கிறது.

மிசூரி இதுக்கு மறுதலை. அங்க 2012ல இருந்து ஒரு மாசம் ஒழுங்கா நடந்தா கண்காணிப்புக் காலத்துல 30 நாள் கழிப்பாங்க. முதல் மூண்டு வருஷத்துல 36,000க்கு மேல ஆக்களுக்கு சராசரியா 14 மாசம் குறைஞ்சது, கண்காணிப்புல இருக்கிற தொகையே 18 வீதம் இறங்கிட்டு, திரும்பக் குற்றவாளியாகிற வீதம் கூடவும் இல்ல. பைல் குறைஞ்சா உத்தியோகத்தருக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும், வராதவனுக்கு கோல் எடுத்துக் கேக்கிறதுக்கு அந்த நேரம்தானே வேணும். நியூயோர்க் 2021ல கொண்டு வந்த சட்டம் இந்த ரெண்டையும் சேத்தது, 30 நாளுக்கு 30 நாள் கழிவு, டெக்னிக்கல் மீறலுக்கு கூடினது 30 நாள் மறியல்.

கலிபோர்னியா கையில எடுத்தது காசை. 2009ல சட்டம் போட்டு, மாநில மறியலுக்கு அனுப்புறதக் குறைச்ச மாவட்டத்துக்கு மிச்சமான காசுல பங்கு குடுத்தாங்க. முதல் வருஷமே 23 வீதம் குறைஞ்சிட்டு. ஆனா 2011ல இன்னொரு சட்டத்தால முந்தி மாநில மறியலுக்குப் போன கனபேர் மாவட்ட மறியலுக்குப் போகத் தொடங்கினாங்க, அதுக்குப் பிறகு மாநிலக் கணக்குல இறங்கின இலக்கத்த மட்டும் பாத்து வெற்றி எண்டேலாது. பூட்டு மாறினதும் ஆள் வெளிய வந்ததும் ஒண்டில்ல. இத மேசையில இருந்து கணக்குப் போடுற ஆள் மறந்து போகலாம், உள்ள இருக்கிறவன்ட தாய் மறக்க மாட்டா.

ஒண்ட மறைக்காமச் சொல்லோணும். குலுக்கிப் பாத்த கடுமையான சோதனை நடந்தது ஹோப்புக்குத்தான், லூசியானா மிசூரிக் கணக்கெல்லாம் சட்டத்துக்கு முன்னம் பின்னம் எண்டு ஒப்பிட்டது, அதுக்குள்ள வேற காரணமும் கலந்திருக்கலாம். அப்பிடி இருந்தும் நான் மிசூரிப் பக்கம்தான். ஏனெண்டா ஹோப் குற்றத்தக் குறைப்பன் எண்டு சொல்லி மறியலக் குடுக்குது, அந்தச் சொல்லு நாலு இடத்துல பொய்ச்சுப் போனா குடுத்த மறியல் மட்டும் மிச்சம். மிசூரி சொல்றது ஆக்கள நேரத்தோட விட்டாலும் ஊருக்குக் கேடு வராது எண்டு மட்டும்தான், அது பிழைச்ச மாதிரித் தெரியல்ல.

ஹோப்ப நம்மட பக்கம் கொண்டு வந்தா என்ன நடக்கும் எண்டும் பாருங்க. விடிய கோல் எடுத்து, சொன்ன உடன போய் நிக்கோணும். மார்கழி மழையில பாதை நிண்டா படுவான்கரைப் பெடியன் எப்பிடிப் போவான்? திருக்கோவில், பொத்துவில்ல இருந்து கடலுக்குப் போறவன் ராவைக்கு போட்டுல நிண்டா அவன்ட போனுக்கு சிக்னலே இருக்காது. ரெண்டு நாள் மறியல் சின்னத் தண்டனை எண்டு நினைக்கிறது மாசச் சம்பளக்காரன், நாட்கூலிக்காரனுக்கு ரெண்டு நாள் போனா அந்த மேசன் பாஸ் வேற ஆளக் கூப்பிட்டிருவார், கிழமை முடிய வேலை இல்ல.

என்ட மருமகன் 11 நாள் ரிமாண்ட்ல இருந்திட்டு வந்தான். அவன் வேலை செய்த துண்டை நான் பிறகு வாங்கிப் பாத்தன், வரிசையா கையெழுத்து, தவறினது அந்த ரெண்டு கிழமை மட்டும்தான், அதுக்கு நேர வெறும் கோடு. காரணம் எழுத ஒரு கட்டம்கூட அந்தத் துண்டுல இல்ல. வெட்டு நேரம், பாதை இல்ல, காய்ச்சல், வேணுமெண்டே வரல்ல எண்டு நாலு சொல்லுல ஒண்ட எழுத ஒரு கட்டம் போட்டு ஒரு வருஷம் சேத்தாலே மட்டக்களப்புலயும் அம்பாறையிலயும் ஆக்கள் எதுக்காகத் தவறுறாங்க எண்டு தெரிஞ்சிரும். கோட் சம்பந்தமா வேலை செய்யிற ஆக்கள் இத வாசிச்சா அந்தக் கட்டத்துல இருந்து தொடங்குங்க, வெட்டு மாசம் வாறதுக்கு முன்னம் செய்தா இன்னும் நல்லம்.