385 டாலர் கொடுத்து வாங்கிய 'முதல் பதிப்பு' வெறும் ஸ்கேன் நகல்: லீ-என்ஃபீல்ட் நூல் தேடுவோர் கவனத்துக்கு

385 கனடிய டாலர் போய்விட்டது. துப்பாக்கிக்குப் போன பணம் இல்லை, துப்பாக்கியைப் பற்றிய புத்தகத்துக்குப் போன பணம். பல நாட்டுக் கடைக்காரர்கள் பழைய புத்தகங்களைப் போட்டு விற்கிற ஓர் இணையச் சந்தை; அதில் ராணுவ நூல்களுக்கென்றே இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு கடை. வங்கியில் புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. புத்தகத்தின் பெயரையும் போடவில்லை, எழுதியவருக்கும் இந்த அயோக்கியத்தனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நடந்ததைச் சொல்லிவிட்டு, நம்பகமான நூலைப் பார்த்து எடுப்பது எப்படி என்றும் எழுதுகிறேன்.

பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய ரைஃபிளான லீ-என்ஃபீல்ட் வரிசை முழுவதையும் ஒரே அட்டைக்குள் கொண்டுவந்த பெரிய நூல் அது. 1990-களில் வந்தது, இப்போது அச்சில் இல்லை. நல்ல பிரதி கிடைத்தால் முந்நூறு, நானூறு டாலர் கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. விளம்பரத்தில் போட்டிருந்தது: முதல் பதிப்பு, கெட்டி அட்டை, மேலுறை கிழியாமல், உள்ளே எழுத்து எதுவும் இல்லை. விலை 310. அதோடு 75 டாலருக்கு 'வரிசை எண், முத்திரை வழிகாட்டி' என்று இன்னொரு நூல். இரண்டும் சேர்த்து 385.

நம்பிக்கை எங்கே வந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பதிப்புரிமைப் பக்கத்தின் படத்தைக் கேட்டதற்கு உடனே அனுப்பினார்கள். பத்து இலக்க ஐ.எஸ்.பி.என், பதிப்பாண்டு, அச்சகத்தின் பெயர், எல்லாம் சரி. முத்திரைப் படங்கள் உள்ள ஒரு பக்கத்தையும் கேட்டேன். கத்தி மாதிரித் தெளிவான படம் வந்தது; பட் சாக்கெட்டில் (பின்கட்டை பொருந்தும் உலோகப் பகுதி) அடித்த எழுத்தின் ஓரம் வரை தெரிந்தது. கூடவே ஒரு வரி: 'நாங்களும் சேகரிப்பாளர்கள்தான், இந்தப் பிரதியைப் பிரிய மனமில்லை.' அந்த வரிக்கும் அந்தப் படத்துக்கும்தான் 385 டாலர் கைமாறியது. படத்தில் இருந்தது வேறு யாருடைய பிரதியோ. அவர்கள் விற்றது வேறு.

வந்த பொட்டலம் தூக்கும்போதே லேசாக இருந்தது. ஐந்நூறு பக்கத்துக்கு மேல் உள்ள, படங்கள் நிறைந்த கெட்டி அட்டை நூல் ஒரு கிலோவைக்கூடத் தொடவில்லை. அட்டை கெட்டிதான், ஆனால் மேலுறை இல்லை; மேலுறையின் படத்தையே அட்டைமேல் அச்சிட்டு லேமினேட் செய்திருக்கிறார்கள். முதுகைப் பிரித்துப் பார்த்தால் தையல் கிடையாது, வெறும் பசை. கடைசிப் பக்கத்தின் அடியில் சின்னதாக ஒரு பட்டைக்கோடு (பார்கோடு), பக்கத்தில் அச்சிட்ட ஊரும் தேதியும். தேதி இந்த வருடத்தினுடையது! ஆர்டர் வந்ததும் ஒரே ஒரு பிரதி அடித்து அனுப்புகிற அச்சகங்கள் போடுகிற குறி அது. 1990-களின் பதிப்புரிமைப் பக்கத்தை ஸ்கேன் செய்து முன்னால் வைத்துவிட்டு, பின்னால் இந்த வருடத் தேதியோடு அனுப்பியிருக்கிறார்கள்.

'படிக்க முடிகிறதல்லவா, எதற்கு இவ்வளவு ஆத்திரம்' என்று கேட்பவர்களுக்காக இதை விரிவாகச் சொல்கிறேன். இந்த வகை நூலை யாரும் கதைப் புத்தகம் மாதிரி வாசிப்பதில்லை. கையில் உருப்பெருக்கி, மேசைமேல் துப்பாக்கி, பக்கத்தில் நூல். இரண்டு மில்லிமீட்டர் உயர முத்திரை ஒன்றை நூலில் உள்ள படத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அச்சிட்ட புகைப்படம் என்பதே புள்ளிகளால் ஆனது; அதை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிட்டால் புள்ளிமேல் புள்ளி விழுந்து அலையலையாகக் கோடு ஓடும். நிழல் பகுதி மொத்தமாகக் கறுத்துவிடும். எந்த முத்திரைக்காக நூலை வாங்கினோமோ, அது அந்தக் கறுப்புக்குள் போய்விடும்.

நம்பர் 4 என்பது லீ-என்ஃபீல்டின் இரண்டாம் உலகப் போர்க்கால மாதிரி; அதில் தொலைநோக்கி பொருத்திய நம்பர் 4 (டி) ஸ்னைப்பர் ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். லீ-என்ஃபீல்டில் அதிகமாகப் போலி செய்யப்படுவது அதுதான். பிரிட்டனில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்ற துப்பாக்கி நிறுவனம் மாற்றியமைத்தவற்றில் பார்க்க வேண்டியவை: ரிசீவரின் (போல்ட் இயங்கும் உலோக உடல்) இடப்பக்கம் 'டி', பட் கட்டையின் அடியில் 'எஸ்51', கட்டையின் கழுத்துப் பகுதியில் மேலே தொலைநோக்கியின் எண், தொலைநோக்கியைத் தாங்கும் பிராக்கெட்டில் ரைஃபிளின் வரிசை எண். பல ரைஃபிள்களில் பட் சாக்கெட்டில் 'டிஆர்' என்றும் இருக்கும். பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் (பி.எஸ்.ஏ) நிறுவனத்தின் ஷேர்லி ஆலையில் செய்ததென்றால் 'எம்47சி' என்ற குறியீடு. கனடாவின் லாங் பிராஞ்ச் ஆலையில் செய்த ஸ்னைப்பர்களை அங்கேயே முடித்துவிட்டார்கள், அவற்றில் 'எஸ்51' தேடக் கூடாது. இந்த எழுத்துகளின் வடிவம், ஆழம், இடைவெளி ஆகியவற்றில்தான் அசலும் போலியும் பிரிகின்றன. எனக்கு வந்த பிரதியில் 'எஸ்51' படம் சாம்பல் நிறத் தீற்றல். அது 51-ஆ 61-ஆ என்றே சொல்ல முடியவில்லை. இதை நம்பி ஆயிரக்கணக்கான டாலருக்கு ஒரு ரைஃபிளை எடுப்பதா?

அட்டவணையில் இன்னும் ஆபத்து. நம்பர் 4-இன் போல்ட் ஹெட் (தோட்டாவின் அடியைத் தாங்கும், போல்ட்டின் முன்முனை) நான்கு அளவில் வரும். 0 என்பது 0.620 முதல் 0.625 அங்குலம், 1 என்பது 0.630 வரை, 2 என்பது 0.635 வரை, 3 என்பது 0.640 வரை. ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டின் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் உள்ள இடைவெளி) 0.064 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 0.074-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் சுடும்போது தோட்டாக் கூடு அடிப்பகுதியில் பிளந்து கொதிக்கும் வாயு பின்னால் வரும். இந்த நகலில் 3 எல்லாம் 8 மாதிரி, 0 எல்லாம் 6 மாதிரி. ஓரம் வெட்டும்போது கடைசிப் பத்தியே பாதி போய்விட்டது. பக்கத்துக்குக் குறுக்கே மடித்து வைத்த பாக வரைபடங்கள் ஒன்றுமே இல்லை. சொல்லடைவு ஆங்கில 'எம்' எழுத்தோடு நின்றுவிட்டது.

75 டாலர் வழிகாட்டி அதைவிட மோசம். அதை ஒரு மனிதர் எழுதினாரா என்றே சந்தேகம். எழுதியவர் பெயரைத் தேடினால் அதே பெயரில் தேனீ வளர்ப்பு, கிட்டார், சர்க்கரை நோய் என்று நூல்கள் வருகின்றன. உள்ளே இருப்பவை: நம்பர் 4-ஐக் குட்டையாக்கி எடை குறைத்த நம்பர் 5 'ஜங்கிள் கார்பைன்' லாங் பிராஞ்சிலும் செய்யப்பட்டதாம். தவறு; அது 1944 முதல் 1947 வரை இங்கிலாந்தின் ஃபஸாக்கர்லி, ஷேர்லி ஆலைகளில் மட்டுமே செய்யப்பட்டது. லாங் பிராஞ்ச் செய்தது நம்பர் 4. ஒன்பது லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், அந்த வளாகத்தின் ஒரு கட்டடம் மிசிசாகாவில் இன்றும் நிற்கிறது. அடுத்து, அமெரிக்காவின் சாவேஜ் நிறுவனம் செய்த நம்பர் 4-இல் 'யு.எஸ். ப்ராப்பர்ட்டி' என்று இருந்தால் அமெரிக்கப் படை பயன்படுத்தியதாம். இல்லை, அமெரிக்காவின் போர்க்கால உதவியான கடன்-குத்தகைத் திட்டத்தில் பிரிட்டனுக்குப் போகிற சரக்கில் அடித்த குறி அது. சாவேஜின் வரிசை எண்ணுக்கு நடுவே வருவது 'எல்' என்கிறார்கள். 'எல்' லாங் பிராஞ்சுடையது, சாவேஜுக்கு 'சி'. இந்தியாவின் இஷாப்பூர் ஆலையின் 7.62 மி.மீ. 2ஏ1 என்பது பழைய .303 அங்குல ரைஃபிளில் குழலை மாற்றியதாம். இந்தப் பொய்க்கு வயது அதிகம். அவை 1960-களிலிருந்து மேம்பட்ட எஃகில் புதிதாகச் செய்தவை. போலி 'ஜங்கிள் கார்பைன்' கண்டுபிடிக்க இந்த வழிகாட்டி சொல்லும் ஒரே வழி, தீச்சுடர் மறைப்பான் இருக்கிறதா என்று பார்ப்பது. அதைத்தானே போலி செய்கிறவன் முதலில் மாட்டுவான்! பார்க்க வேண்டியது ரிசீவரிலும் குழலின் தடித்த அடிப்பகுதியிலும் எடை குறைக்கக் கடைந்தெடுத்த பள்ளங்கள், உள்ளே குடைந்த போல்ட் குமிழ், 800 கெஜத்தோடு நிற்கும் பின்குறி (குறிபார்க்கும் பின்பகுதி). 1300 வரை போனால் அது நம்பர் 4-உடைய பின்குறி.

இனி அவர்கள் தட்டிக்கழித்த கதை. கடைக்கு எழுதியதும் வந்த முதல் பதில்: 'பதிப்புக்குப் பதிப்பு தோற்றம் மாறலாம்.' முதல் பதிப்பு என்று விற்றவர்கள் சொல்கிற பதில் இது. பட்டைக்கோட்டின் படத்தை அனுப்பினேன். 'அது கிடங்கின் ஸ்டிக்கர்' என்றார்கள். அது ஸ்டிக்கர் இல்லை, தாளில் அச்சானது என்று அடுத்த படம் அனுப்பியதும், 'உள்ளடக்கம் முழுமையாக வாசிக்கக்கூடியது, 15 சதவீதம் திருப்பித் தருகிறோம்' என்றார்கள். 385-இல் 15 சதவீதம் 57 டாலர் 75 சென்ட். வேண்டாம், முழுப் பணமும் வேண்டும் என்றதும், 'மேலாளர் விடுப்பில் இருக்கிறார்' என்று இழுத்தார்கள். சந்தையின் திருப்பி அனுப்பும் கெடு முடிகிறவரை இழுத்தார்கள். முடிந்த பிறகு பதிலே இல்லை.

சந்தையின் உதவிப் பக்கம் போனால் முதலில் தானியங்கி அரட்டை. எதைக் கேட்டாலும் 'விற்பனையாளரைத் தொடர்புகொள்ளவும்.' ஒருவழியாக மனிதர் ஒருவர் வந்தார். வரிசை எண் அட்டவணை, காணாமல் போன வரைபடம், பட்டைக்கோடு, எல்லாவற்றையும் படத்தோடு கொடுத்தேன். 'பொருள் விளக்கத்தோடு ஒத்துப்போகிறது' என்று வழக்கை மூடிவிட்டார்கள். மேல்முறையீடு செய்தால், கண்காணிப்பு எண்ணோடு சொந்தச் செலவில் கடல் கடந்து திருப்பி அனுப்பு, பிறகு பரிசீலிக்கிறோம் என்கிறார்கள். பரிசீலனைக்கு உத்தரவாதம் கிடையாது. சந்தையும் கடையும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்ட 385 டாலர். எழுதும்போதே கை நடுங்குகிறது.

நூல் தேர்வு பற்றி விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போது அதற்கு மனம் இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

விளம்பரப் படத்தை நம்பாதீர்கள். இன்றைய தேதி எழுதிய துண்டுச்சீட்டைக் கடைசிப் பக்கத்தின்மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதல் பக்கம் இல்லை, கடைசிப் பக்கம். மறுத்தால் விட்டுவிடுங்கள். புத்தகத்தின் எடையையும், முதுகின் மேல்முனைப் படத்தையும் கேளுங்கள். தையல் கட்டு என்றால் மடிப்பு மடிப்பாகத் தெரியும், பசைக்கட்டு தட்டையாக இருக்கும்.

ஐ.எஸ்.பி.என் 979-8 என்று தொடங்கும் நூல் 1990-களின் நூல் ஆக முடியாது.

பதிப்பாண்டு எதுவரை பேச முடியும் என்று பாருங்கள். ரெனால்ட்ஸ் எழுதிய 'தி லீ-என்ஃபீல்ட் ரைஃபிள்' நல்ல நூல், ஆனால் 1960-இல் வந்தது. இஷாப்பூர் 2ஏ1 அதில் இருக்க வழியில்லை. பிரிட்டிஷ் ரைஃபிள் நூலென்றால் 'லிஸ்ட் ஆஃப் சேஞ்சஸ்' (ஆயுத மாற்றங்களைப் பதிந்த பிரிட்டிஷ் அரசின் அதிகாரப்பூர்வப் பட்டியல்) பத்தி எண்ணைச் சொல்கிறதா என்று பாருங்கள். முதல் உலகப் போர்க்கால மாதிரியான மார்க் 3 நட்சத்திரத்தில் மேகசின் கட்-ஆஃப் (மேகசினிலிருந்து தோட்டா ஏறாமல் தடுக்கும் தகடு) 1916-இல் நீக்கப்பட்டது என்று சொன்னால் போதாது, எந்த ஆணைப்படி என்றும் சொல்ல வேண்டும். விலைப்பட்டியல் நூல்களை ஆதார நூலாக வாங்கவே வேண்டாம்.

கடன் அட்டையில் மட்டும் கட்டுங்கள். வங்கியில் புகார் கொடுக்கும்போது 'பொருள் திருப்தியில்லை' என்று பதியாதீர்கள், 'போலிப் பொருள்' என்று பதியுங்கள். இரண்டுக்கும் விசாரணை வேறு. கெடு முடியும் தேதியை அன்றே குறித்துக்கொள்ளுங்கள், கடையின் பதிலுக்காக அதைத் தாண்டவிடாதீர்கள். அந்த விளம்பரம் இன்னும் எடுக்கப்படவில்லை. அதே படம், அதே 310. 'ஒரே ஒரு பிரதி மட்டும்' என்று போட்டிருக்கிறார்கள், யாரும் வாங்கிவிடாதீர்கள்.