ஹெல்மெட்டுக்கு ஒரு லாக்கர், பைக்கு ஒரு லாக்கர்

கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேர ஆய்வாளராகப் பதிவு செய்து மூன்றரை ஆண்டு ஆகிறது. சனிக்கிழமை தவறாமல் ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகிறேன். முதல் ஓராண்டு டோக்கன் காலம். அதன்பின் வந்தது லாக்கர் காலம். இரண்டரை ஆண்டு புழங்கிவிட்ட தைரியத்தில் எழுதுகிறேன். நூலகத்தின் பெயர் மட்டும் வேண்டாம், நாளைக்கும் அங்கேதான் போய் உட்கார வேண்டும்.

டோக்கன் காலம் எப்படி இருந்தது என்று பலருக்குத் தெரிந்திருக்கும். வாசலில் ஒரு மேசை, பின்னால் கட்டம் கட்டமாக மர அலமாரி, பையைக் கொடுத்தால் கையில் தரும் எண் பொறித்த பித்தளை வில்லை. "விலையுயர்ந்த பொருட்களைப் பையில் வைக்காதீர், தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒரு பலகை. ஆகவே மடிக்கணினி, சார்ஜர், பர்ஸ், செல்போன், குறிப்பேடு எல்லாவற்றையும் இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு மாடி ஏற வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றரை வரை மேசையில் இருக்கும் அண்ணா சாப்பிடப் போய்விடுவார். அந்த அரை மணி நேரம் யார் பையும் வெளியே வராது. என் சாப்பாடும் அந்தப் பையில்தான். அதனால் பன்னிரண்டே முக்காலுக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன்.

பையை ஏன் உள்ளே விடுவதில்லை என்று கோபப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அலமாரியை நாமே துழாவி நூலை எடுக்கும் உரிமைக்குக் கொடுக்கும் விலை அது. சீட்டு எழுதிக் கொடுத்து ஊழியர் நூலை எடுத்து வரும் முறையில் பை ஒரு பிரச்சினையே இல்லை. திறந்த அலமாரி வேண்டும் என்று வாதாடியவர்களில் முக்கியமானவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது 1931-இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளில் நான்காவது. நூலில் ரேடியோ அலையால் அடையாளம் காட்டும் ஆர்.எஃப்.ஐ.டி. பட்டையும் வாசலில் அலறும் கதவும் இருக்கும்போது பைக்கு எதற்குத் தடை என்று கேட்கலாம். நானும் கேட்டேன். பட்டையைப் பிய்த்துவிடலாம், அலுமினியத் தாளில் சுற்றினால் அலைக்கு எட்டாது என்றார் நூலகர். சாதம் கட்டும் தாளில் இப்படியும் ஒரு பயன் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இப்போது லாக்கர். கதவுக்கு வெளியே, நடைபாதைச் சுவரோரம் அறுபது பெட்டிகள், வரிசைக்குப் பன்னிரண்டாக ஐந்து வரிசை. ஓரடி அகலம், ஓரடி உயரம், ஒன்றரை அடி ஆழம். பூட்டில் எண் பலகை இருக்கிறது. நாமே நான்கு இலக்கம் ஒன்றை அழுத்திப் பூட்ட வேண்டும், அதே இலக்கத்தில் திறக்க வேண்டும். திறந்ததும் பூட்டு அந்த எண்ணை மறந்துவிடும், அடுத்தவர் தன் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். சாவி கிடையாது, தொலைக்க வில்லையும் கிடையாது. முதல் நாளே எனக்குப் பிடித்துப்போயிற்று. மதியம் இறங்கி வந்து டிபன் பாக்ஸை எடுத்து, மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு மறுபடி மேலே போகிறேன். பன்னிரண்டே முக்காலோடு முடிந்த சனிக்கிழமை மாலை ஆறு வரை நீண்டது. என் ஆய்வேட்டின் இரண்டு இயல்கள் அந்த மதியங்களில் எழுதியவை.

எண்ணை மறந்துவிட்டால்? எனக்கு இரண்டு முறை நடந்தது. செக்யூரிட்டி அண்ணாவிடம் பொது எண் இருக்கிறது, ஆனால் உடனே திறந்துவிட மாட்டார்.

"உள்ள என்னம்மா வெச்சிருக்கீங்க?"

"நீலப் பை, குடை, எவர்சில்வர் டிபன் பாக்ஸ்."

"டிபன் பாக்ஸ்ல பேரு போட்டிருக்கா?"

என் அம்மாவின் பெயர் பொறித்திருக்கும். கல்யாணச் சீர் பாத்திரம். அதைச் சொன்ன பிறகே திறந்தார். எரிச்சலாக இருந்தாலும், யார் கேட்டாலும் திறந்துவிடுகிற ஆள் இல்லை என்று நிம்மதியாகவும் இருந்தது.

மோசமான நாள் வேறு. இரவு ஏழரை மணி, எட்டுக்கு நூலகம் மூடிவிடும். ஸ்கூட்டி சாவி உள்ளே. எண்ணை அழுத்தினால் சத்தமே இல்லை. பேட்டரி செத்துவிட்டது. பேட்டரி இல்லாதபோது பொது எண்ணாலும் பயனில்லை. இரும்புச் சாவி ஒன்று உண்டாம், அது அலுவலக அறையில், அலுவலகத்துக்கோ சனிக்கிழமை விடுமுறை. கடைசியில் எலக்ட்ரீஷியன் வந்தார். பூட்டின் அடியில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருப்பதைக் காட்டி, தன் மல்டிமீட்டரில் இருந்த 9 வோல்ட் பேட்டரியைக் கழற்றி அதில் வைத்துப் பிடித்தார். பூட்டு உயிர் பெற்றது. அதற்கு முன் நான்கைந்து நாளாகச் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன், எல்லோரும் பார்த்தார்கள். யாரும் சொல்லவில்லை. உங்கள் நூலகத்தில் இந்த வகைப் பூட்டு வரப்போகிறதென்றால் ஒரு 9 வோல்ட் பேட்டரியை வாசலில் வைக்கச் சொல்லுங்கள்.

மற்றபடி சில்லறைத் தொல்லைகள். கீழ் வரிசைக்குப் புடவையோடு குனிய வேண்டும், மேல் வரிசைக்கு எம்ப வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் மாணவர் ஒருவருக்கு நடு வரிசை மட்டுமே எட்டும், அதுதான் முதலில் நிரம்புகிறது. அவருக்கென்று இரண்டு பெட்டி ஒதுக்க எட்டு மாதம் ஆனது, இது நியாயமே இல்லை. ஒருமுறை இரவுச் சோதனை விட்டுப்போய், மூன்று நாள் விடுமுறை முழுக்க யாருடைய சாம்பார் சாதமோ உள்ளேயே இருந்துவிட்டது. எறும்புப் படை அண்டைப் பெட்டிகளையும் கைப்பற்றியது. இப்போது மூடும் நேரத்தில் பூட்டியிருக்கும் எல்லாக் கதவையும் தவறாமல் திறந்து பார்க்கிறார்கள்.

இரண்டாம் மாடியில், கதவுக்கு உள்ளேயே, ஆய்வாளர்களுக்கென்று அரையாண்டுக்கு ஒருவராக ஒதுக்கும் இருபது லாக்கர்கள் தனியாக உண்டு. எனக்கும் ஒன்று கிடைத்தது. இதைப் பற்றி மட்டும் நான் கடுமையாகவே சொல்வேன்: வேண்டாம். வெளியே எடுத்துப் போக முடியாத ஓர் அகராதித் தொகுதியை, அடுத்த சனிக்கிழமையும் வேண்டுமே என்று என் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். மூன்று வாரம் அங்கேயே கிடந்தது. கணினிப் பட்டியல் "அலமாரியில் உள்ளது" என்றே காட்டிக்கொண்டிருக்க, ஒரு முதுகலை மாணவி அதைத் தேடி இரண்டு நாள் அலைந்தாள் என்று பிறகு தெரிந்தது. வெட்கமாக இருந்தது. என்னைப் போல எத்தனை பேர் என்று விசாரித்ததில், வெட்கம் கொஞ்சம் குறைந்து கவலை கூடியது. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கதவுக்கு வெளியே உள்ள, அன்றன்றே காலி செய்யும் லாக்கரில் இந்தப் பதுக்கலுக்கு இடமே இல்லை.

போன ஆண்டு முகப்பில் எட்டுக் கதவுகளோடு இன்னொரு பெட்டி வந்தது. இது பைக்கல்ல, நூலுக்கு. இணையத்தில் நூலை முன்பதிவு செய்தால் ஊழியர் அதை நம் பெயரில் பதிந்து உள்ளே வைத்துவிடுவார். செல்போனுக்கு வரும் ஓ.டி.பி.யை அழுத்தினால் கதவு திறக்கும். சிங்கப்பூர்ப் பொது நூலகங்களில் இப்படி முன்பதிவு லாக்கர் உண்டு, இங்கே வருமென்று நான் நினைக்கவில்லை. நூலகம் எட்டுக்கு மூடினாலும் முகப்பு பத்து வரை திறந்திருக்கும். வார நாளில் கல்லூரி முடிந்து, நெரிசலில் ஊர்ந்து எட்டரைக்கு வந்தாலும் நூல் கிடைத்துவிடுகிறது. எப்போதாவது ஓ.டி.பி. வரக் கால் மணி நேரம் ஆகும். பொறுத்துக்கொள்கிறேன்.

டோக்கன் மேசையில் இருந்த அண்ணா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவரையும் மாலை நேர அண்ணாவையும் நூல் அடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். முன்பெல்லாம் திரும்பி வந்த நூல்கள் தள்ளுவண்டியிலேயே இரண்டு மூன்று நாள் கிடக்கும், இப்போது அன்று மாலையே அலமாரிக்குப் போய்விடுகின்றன. லாக்கரைத் தொடவே தொடாத வாசகருக்கும் இந்த லாபம் உண்டு. "உக்காந்து உக்காந்து முதுகு போச்சு, இப்ப நடந்து நடந்து முட்டி போச்சு" என்கிறார் அண்ணா, சிரித்துக்கொண்டே.

ஹெல்மெட்டுக்கு வருகிறேன். பையை வைத்தால் ஹெல்மெட் நுழையாது, ஹெல்மெட்டை வைத்தால் பை நுழையாது. இருசக்கர வண்டியில் வருகிறவர் ஆளுக்கு இரண்டு பெட்டி பிடிக்கிறோம். அறுபது பெட்டி, முப்பத்தைந்து பேர், பத்து மணிக்குள் நிரம்பிவிடுகிறது. லாக்கர் வாங்கியவர்கள் காரில் வருகிறவர்கள் என்பது என் சந்தேகம். ஆலோசனைப் பதிவேட்டில் மூன்று முறை எழுதினேன்: பெட்டியைப் பெரிதாக்க வேண்டாம், பக்கச் சுவரில் கொக்கி அடித்தால் போதும். போன மாதம் அடித்துவிட்டார்கள், ஆறே ஆறு கொக்கி. நான் இப்போது ஒன்பது பத்துக்குள் போய்விடுகிறேன்.