“ஜிடிஏ 5 ரெடி, வாங்கியதும் விளையாடலாம்” என்று விற்கப்படும் ஸ்டீம் டெக்: பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

பழைய ஸ்டீம் டெக் (வால்வ் நிறுவனத்தின் கையடக்க கேம் கருவி) ஒன்றை, அந்த நிறுவனத்தின் கேம் கடையான ஸ்டீமின் அக்கவுண்ட், கேம், மெமரி கார்டு எல்லாவற்றோடும் சேர்த்து ஒரே விலைக்குத் தருவதாக யாராவது சொன்னால், தயவுசெய்து இதை முழுக்கப் படித்துவிட்டு முடிவெடுங்கள். நான் அப்படித்தான் வாங்கினேன். கருவி அசல். கார்டு போலி. அக்கவுண்ட் இன்று என் கையில் இல்லை. ஆன்லைன் ஓடும் என்றது பச்சைப் பொய். விற்றவர் என் எண்ணை முடக்கிவிட்டார்.

விளம்பரத்தில் இருந்தது இதுதான் (ஜிடிஏ 5 என்பது கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 என்ற கேம்): “ஜிடிஏ 5 ஸ்டோரி, ஆன்லைன் ரெண்டும் ரெடி. 512 ஜிபி கார்டு ஃப்ரீ. வாங்கியதும் விளையாடலாம்.” நேரில் போனபோது அவர் கேமைத் திறந்தே வைத்திருந்தார். கேமின் மூன்று நாயகர்களில் ஒருவனான ஃபிராங்க்ளின் காரில் உட்கார்ந்திருக்கிறான், கேமில் வரும் லாஸ் சாண்டோஸ் நகரத்தின் கடற்கரைச் சாலை, மாலை வெயில். “ஓட்டிப் பாருங்க ப்ரோ” என்று கையில் கொடுத்தார். ஓட்டினேன். படம் சீராக இருந்தது, சத்தம் தெளிவாக இருந்தது, போலீஸ் துரத்தியபோதும் எங்கும் தடுக்கவில்லை. நகரத்துக்குள் நாலு தெரு சுற்றினால் யாருக்கும் சந்தேகம் வராது. அந்தக் கேமைத் தெரிந்த ஆள் என்பதால்தான் அவர் அந்த இடத்தில் சேவ் செய்து வைத்திருந்தார் என்று இப்போது புரிகிறது.

வீட்டுக்கு வந்து முதல் சில நாள் எல்லாம் சரியாகவே போயிற்று. கதையில் இன்னொரு நாயகன் டிரெவர் வருகிற கட்டத்தில்தான் பிரச்சினை ஆரம்பித்தது. நகரத்தை விட்டு சாண்டி ஷோர்ஸ் பக்கம் போகிற நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். முதலில் சாலையோரப் பலகைகள் மங்கலாகத் தெரிந்தன. அப்புறம் எதிரே மலை இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு மேடு மட்டும் இருந்தது, அதில் மண்ணும் இல்லை, புதரும் இல்லை. அடுத்த நொடி கார் சாலையைத் துளைத்துக்கொண்டு கீழே விழுந்தது. திரை உறைந்தது. கேம் தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்து போனால் அதே பகுதியில் அதே கதி. நகரத்துக்குள் திரும்பி வந்தால் ஒரு குறையும் இல்லை.

இது ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால் ஏமாற்றின் முழு வடிவமும் தெரியும். இந்த மாதிரி திறந்த உலக கேம் எதுவும் மொத்த வரைபடத்தையும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் ஏற்றாது. நாம் போகப் போக, அடுத்து வரும் சாலை, கட்டடம், மரம் எல்லாவற்றையும் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். கார் வேகம் கூடக்கூட வாசிப்பும் கூடும். ஆகவே கார்டில் ஒரு பகுதி கெட்டிருந்தால், அந்தப் பகுதியில் பதிந்திருக்கும் ஊருக்குப் போகும்வரை ஒன்றும் தெரியாது.

கார்டு எப்படிக் கெட்டது? கெடவே இல்லை. அது முதலிலிருந்தே பொய். மேலே 512 ஜிபி என்று அச்சடித்திருந்தது, கருவியில் செருகினாலும் 512 என்றே காட்டியது. உள்ளே இருந்த சிப்போ அதில் கால்வாசிகூட இல்லை. இப்படிப்பட்ட கார்டுகளில் கட்டுப்படுத்தும் சிப்பின் மென்பொருளையே மாற்றி, பெரிய அளவைச் சொல்ல வைத்துவிடுகிறார்கள். உண்மையான இடம் தீர்ந்த பிறகு எழுதுகிற தரவு காணாமல் போகும், அல்லது முன்னே எழுதியதன் மேலேயே போய் விழும். கோப்பின் பெயர் இருக்கும், அளவு இருக்கும், உள்ளே மட்டும் குப்பை. ஜிடிஏ 5 ஒன்றே 100 ஜிபிக்கு மேல் இடம் கேட்கிற கேம். அதற்கு முன்பே வேறு சில கேம்களையும் அந்தக் கார்டில் ஏற்றித் தந்திருந்தார், “எக்ஸ்ட்ரா” என்று. அவை இடத்தை அடைத்துக்கொள்ள, ஜிடிஏவின் பின்பாதி இல்லாத இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

ஸ்டீமில் கேம் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி ஒன்று இருக்கிறது. கேமின் பண்புகளுக்குள் போனால் கிடைக்கும். அதை ஓடவிட்டேன். இத்தனை கோப்புகள் பிழை, மறுபடி இறக்குகிறேன் என்றது. இறக்கி முடித்ததும் திரும்ப ஓடவிட்டால் இப்போது வேறு சில கோப்புகள் பிழை. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது. இந்த அறிகுறியை மட்டும் மறக்காமல் மனதில் வையுங்கள். நல்ல கார்டில் ஒருமுறை பிழை வந்தாலும் மறுமுறை சரியாகிவிடும். போலிக் கார்டில் பிழை இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

கடைசியில் கார்டைக் கணினியில் செருகி, ஃபார்மட் செய்து, எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலால் சோதித்தேன். விண்டோஸில் ஓடும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3 என்று ஒன்று உண்டு. இரண்டும் கார்டு முழுக்க எதையாவது எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும். நேரம் நிறையப் பிடிக்கும், ஆனால் சந்தேகத்துக்கு இடமே வைக்காது. எழுதியது எவ்வளவு, திரும்பக் கிடைத்தது எவ்வளவு என்று இரண்டு எண்களையும் அது காட்டியபோது எனக்கு வயிறு எரிந்தது.

விற்றவருக்கு அந்தத் திரையைப் படம் எடுத்து அனுப்பினேன். “அது ஃப்ரீயா குடுத்தது ப்ரோ, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்” என்றார். இலவசம் என்று சொல்லிவிட்டால் பொறுப்பு இல்லையாம். ஆனால் விலை பேசும்போது அதே கார்டைக் காட்டித்தான் குறைக்க மறுத்தார். இந்த இடத்தில் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

சரி, கார்டு போனால் போகட்டும், உள் சேமிப்பில் கேமை ஏற்றிக்கொள்ளலாம் என்று மாற்றிக்கொண்டேன். நன்றாக ஓடியது. சாண்டி ஷோர்ஸ், சிலியாட் மலை, பலேட்டோ பே எல்லாம் பார்த்தேன். ஒரு நாள் கருவியைத் திறந்தால் ஸ்டீம் மறுபடி உள்நுழையச் சொல்கிறது. கடவுச்சொல் தவறு என்கிறது. மீட்டெடுக்கப் போனால் மின்னஞ்சலே வேறாக இருக்கிறது.

நான் வாங்கிய அன்றே கடவுச்சொல், மின்னஞ்சல், தொலைபேசி எண் மூன்றையும் என்னுடையதாக மாற்றி, ஸ்டீம் கார்ட் (Steam Guard) என்ற கூடுதல் உள்நுழைவுப் பாதுகாப்பையும் என் போனில் போட்டிருந்தேன். அப்படியும் அக்கவுண்ட் போயிற்று. காரணம் எளிது. ஒரு ஸ்டீம் கணக்கு யாருடையது என்ற தகராறு வந்தால், முதன்முதலில் அதில் பணம் கட்டியது யார் என்ற ஆதாரத்தைத்தான் உதவிக் குழு கேட்கும். பணம் கட்டிய பழைய வங்கிக் கார்டு விவரம், முதல் மின்னஞ்சல், கேம் வாங்கிய ரசீது. இவை எல்லாம் விற்றவரிடம்தான் இருக்கும். “என் கணக்கைத் திருடிவிட்டார்கள்” என்று ஒரு வரி எழுதினால் போதும், திரும்பக் கிடைத்துவிடும். நாம் புகார் செய்யவும் வழி இல்லை. கணக்கை விற்கவோ கைமாற்றவோ கூடாது என்பது ஸ்டீமின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. விற்கும் ஆளுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரே அக்கவுண்டை இன்று எனக்கு, அடுத்த மாதம் இன்னொருவருக்கு என்று அவர் விற்றுக்கொண்டே போகலாம்.

ஸ்டீமில் வாங்கிய ஜிடிஏ 5 திறக்க, அதை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனத்தின் கணக்கும் வேண்டும். அதுவும் அவர் பெயரில் இருந்ததுதான். எனவே இரண்டு கதவும் ஒரே நாளில் பூட்டிக்கொண்டன. இனி அந்த ஆள் வைத்திருந்த எதையும் நம்ப முடியாது என்று கருவியில் இருந்ததை முழுதாக அழித்து, அதன் இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ்ஸைப் புதிதாக ஏற்றினேன். வால்வ் நிறுவனமே மீட்புப் படிமத்தை வெளியிட்டிருக்கிறது, யூஎஸ்பியில் போட்டு ஏற்றலாம். அதோடு என் சேவும் போயிற்று. கதையின் மூன்று நாயகர்களும் சேர்ந்து செய்யும் பெரிய கொள்ளைக்கு ஆயத்தம் பண்ணிக்கொண்டிருந்த கட்டம் அது. ஒரு கேமை அவ்வளவு ஆசையாக விளையாடியவர்களுக்கு அந்த இழப்பு எப்படி இருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

சோனியின் பழைய கையடக்கக் கருவியான பிஎஸ்பி காலத்து ஆட்களுக்கு இந்த ஏமாற்று புதிதாக இருக்கலாம். ஜிடிஏ வரிசையில் 2005-இல் லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ், 2006-இல் வைஸ் சிட்டி ஸ்டோரீஸ் இரண்டும் பிஎஸ்பிக்கு யூஎம்டி என்ற சின்ன வட்டில் வந்தன. 2009-இல் நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கு வந்த சைனாடவுன் வார்ஸ் கார்ட்ரிட்ஜில் இருந்தது. வட்டு யார் கையில் இருக்கிறதோ கேம் அவருடையது. செருகினால் ஓடுகிறதா என்று பார்த்தால் முடிந்தது. பழையது வாங்கும்போது அதே கணக்கில்தான் இன்னும் பலர் யோசிக்கிறோம், அதைத்தான் இவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். இப்போது கார்ட்ரிட்ஜ் இருந்தாலே முழு கேமும் இருக்கும் என்றுகூடச் சொல்ல முடியாது. 2017-இல் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்த எல்.ஏ. நுவார் என்ற கேம், கார்ட்ரிட்ஜ் வாங்கினாலும் மேற்கொண்டு பல ஜிபி இறக்கச் சொல்லும்.

ஆன்லைன் பற்றி. 2024 செப்டம்பரில் கணினிப் பதிப்பின் ஜிடிஏ ஆன்லைனுக்கு பேட்டில்ஐ என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளைச் சேர்த்தார்கள். அதிலிருந்து ஸ்டீம்ஓஎஸ் ஓடும் ஸ்டீம் டெக்கில் ஆன்லைனுக்குள் போக முடியவில்லை. கதைப் பகுதி மட்டும் ஓடும். என்னிடம் விற்கப்பட்டது இதற்கு வெகு நாள் பிறகு. நண்பர்களோடு ஆட வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டேன், “தாராளமா ஆடலாம்” என்றார். ஆன்லைனிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு கேட்டால், “ஒரு அப்டேட் வரும், சரியாயிடும்” என்றார். கையடக்கக் கருவியில் ஜிடிஏ ஆன்லைன் ஓடுகிறது என்று யாராவது விற்றால், உங்கள் கண் முன்னால், உங்கள் அக்கவுண்டில், உள்ளே நுழைந்து காட்டச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. என் கருவியின் வலது ஸ்டிக்கில் டிரிஃப்ட் இருந்தது, கை வைக்காமலே கேமரா மெதுவாக இடது பக்கம் நகரும். வாங்கிய அன்று அது தெரியவே இல்லை. பிறகு கண்ட்ரோலர் அமைப்புக்குள் போய்ப் பார்த்தால், டெட்ஸோனை மிக அதிகமாக ஏற்றி வைத்திருந்தார். அதாவது ஸ்டிக்கை வெகுதூரம் தள்ளினால்தான் கருவி அதைக் கணக்கில் எடுக்கும், சின்ன அசைவுகள் அமுங்கிவிடும். கார் ஓட்டும்போது இது பெரிதாகத் தெரியாது. துப்பாக்கியால் குறிபார்க்கும்போதுதான் தெரியும். அவர் எனக்குக் கார் மட்டும் ஓட்டக் கொடுத்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை. பார்க்கப் போனால் டெட்ஸோனைக் குறைத்துவிட்டு, ஒரு துப்பாக்கியை எடுத்துக் குறிபார்த்தபடி கையை எடுத்துவிடுங்கள். பேட்டரியின் நிலையை டெஸ்க்டாப் மோடில் இருக்கும் ஆற்றல் தகவல் பக்கத்தில் பார்க்கலாம். எல்சிடி மாடலுக்கு 40 வாட்-மணி, ஓஎல்இடிக்கு 50. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அங்கேயே தெரியும்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் கருவிக்கு மட்டும் விலை பேசுங்கள். கார்டையும் அக்கவுண்டையும் சுழியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அவர் எவ்வளவு சொன்னாலும் சரி. பணம் கைமாறும் முன் அவரையே ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து பாருங்கள். “அதெல்லாம் அப்புறம் வீட்டுல பண்ணிக்கலாம்” என்று இழுத்தால் எழுந்து வந்துவிடலாம். கேமை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். ஸ்டீமில் நேரடியாக வாங்கினால், வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்தப் பாதுகாப்பு அக்கவுண்டாக வாங்கும்போது துளியும் கிடையாது.

“ஆயிரக்கணக்கான கேம், ஜிடிஏ 5 உட்பட” என்று மலிவாக விற்கும் குட்டிக் கருவிகளையும் இந்தக் கணக்கிலேயே சேருங்கள். அவற்றில் பெரும்பாலானவை பழைய கன்சோல்களின் எமுலேட்டர்கள், அதாவது அந்தக் கன்சோல்களைப் போல நடித்து அவற்றின் கேம்களை ஓட்டுபவை. பிஎஸ்பி கேமை ஓட்டவே திணறுகிற கருவியில் ஜிடிஏ 5 ஓட வாய்ப்பே இல்லை. பெட்டியில் படம் மட்டும் இருக்கும்.

என்னிடம் விற்ற ஆளின் அதே வாசகம், அதே கடற்கரைச் சாலை படத்தோடு, புதுப் பெயரில் மறுபடி விளம்பரமாக வந்திருக்கிறது. புகார் செய்திருக்கிறேன், இன்னும் எடுக்கவில்லை. ஃபிராங்க்ளின் காரில் இருக்கும் அந்தப் படத்தை எங்காவது பார்த்தால் நீங்களும் புகார் செய்யுங்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், ரீசெட் செய்து காட்டும்வரை மீதியைக் கொடுக்காதீர்கள்.