காடை முட்டைக்கு இந்த இன்குபேட்டர் வாங்கலாமா?

என்னிடம் இருக்கும் இன்குபேட்டரில் (முட்டை பொரிக்கும் மெஷின்) ஃபேன் மாற்றிய கையோடு இதை எழுதுகிறேன். ஜப்பானியக் காடைக்கு இதே சின்ன மெஷினை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்.

வெப்பத்தில் குறை சொல்ல முடியாது. 37.5 டிகிரி வைத்தால் மார்கழிப் பனியிலும் சித்திரை வெயிலிலும் அங்கேயே நிற்கிறது. முட்டை திருப்பும் மோட்டார் ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை. இந்த விலைக்கு அது பெரிய விஷயம்.

எரிச்சல் முழுக்க ஈரப்பதம் காட்டும் மீட்டரில்தான். திரையில் 60 என்று இருக்கும். ஆனால் 17-ஆம் நாள் ஓட்டில் துளை போட்ட குஞ்சு, சவ்வு காய்ந்து மூக்கோடு ஒட்டி அப்படியே செத்துக் கிடக்கும். தூள் உப்பில் துளி தண்ணீர் விட்டுக் குழைத்து, மூடிய டப்பாவில் சென்சாரோடு ராத்திரி முழுக்க வைத்தேன். அப்படி வைத்தால் டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதம்தான் நிற்கும், ஆனால் மீட்டர் காட்டியது 86. அதாவது திரை சொல்வதைவிட உள்ளே ஈரம் குறைவு. கம்பெனிக்குப் போன் செய்தால், "கோழிக்கு எல்லாருக்கும் நல்லாத்தான் பொரிக்குது சார்" என்கிறார்கள்.

ஆனால் கோழி முட்டை 50 கிராமுக்கு மேல், காடை முட்டை 10 கிராம் சுற்றி. முட்டை சிறுக்கச் சிறுக்க, எடைக்கு ஓட்டின் பரப்பு கூடும். உள்ளே இருக்கும் தண்ணீரும் சீக்கிரம் வற்றும். காடையிலேயே 8 கிராம் முட்டை காய்ந்துபோகிற ஈரத்தில் 13 கிராம் முட்டை தாக்குப்பிடிக்கும். சிறியதற்காக ஈரத்தைக் கூட்டினால், பெரியதில் ஓட்டுக்குள் இருக்கும் காற்றறை விரியாமல் குஞ்சு மூச்சுமுட்டிச் சாகிறது. அதனால் இப்போது 10 முதல் 12 கிராம் வரை உள்ளதை மட்டும் அடுக்குகிறேன். காற்றறை எவ்வளவு விரிந்தது என்று பார்க்கப் புள்ளி ஓட்டில் டார்ச் அடித்தால் ஒன்றும் சரியாகத் தெரியாது, தராசுதான் கைகொடுக்கும். வைக்கும்போது 100 கிராம் இருந்த முட்டைகள் 14-ஆம் நாள் 88, 90-க்கு இறங்கியிருந்தால் ஈரம் சரி. அப்புறம் திருப்புவதை நிறுத்தி, ஈரத்தை 70-க்கு ஏற்றி, மூடியைத் தொடாமல் விட வேண்டும்.

தனியாக ஒரு மீட்டர் வாங்கி உள்ளே வைத்த பிறகு, ஒட்டிச் சாகும் குஞ்சு அபூர்வமாகிவிட்டது. பொரிப்பில் இப்போது எனக்குத் திருப்திதான். ஆனாலும் வாங்கச் சொல்ல மனசு வரவில்லை. துளை போட்டுவிட்டுச் செத்த குஞ்சுகளை அள்ளிப் போட்டவன் நான். அந்த மீட்டரை அவர்கள் மாற்றித் தரும்வரை இதை வாங்காதீர்கள்.