க்ளூமி, சல்லன், மொரோஸ், மெலன்கலி: எதை எங்கே போடுவது?

ஆங்கில-தமிழ் அகராதியைப் புரட்டினால் க்ளூமி, சல்லன், மொரோஸ், மெலன்கலி, டிஸ்மல் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும், சோகமான, வாட்டமான என்று. அதை நம்பி எழுதப் போனால்தான் வம்பு. என்னைக் கேட்டால் ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்: இந்தச் சொல்லை ஒருவர் தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்வாரா, இல்லை அடுத்தவரைப் பார்த்து மட்டும்தான் சொல்வாரா?

க்ளூமி எல்லாவற்றுக்கும் பொது. மப்பும் மந்தாரமுமான வானம், ஜன்னல் இல்லாத அறை, வேலைவாய்ப்பு பற்றிய கணிப்பு என்று எதற்கும் ஒட்டும், 'இன்னிக்கு என்னமோ க்ளூமியா இருக்கு' என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவும் தடையில்லை. இத்தனைக்கும் இதன் வேரான க்ளூம் இடைக்கால ஆங்கிலத்தில் முகம் சுளிப்பதைத்தான் குறித்தது, இருட்டு என்ற பொருள் அப்புறம் வந்து ஏறியதுதான்.

சல்லன் அப்படியில்லை, அதில் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. போனைப் பிடுங்கி வைத்ததும் பதினைந்து வயதுப் பையன் தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், இன்னும் கொஞ்சம் சாதம் போடவா என்றால்கூட 'ம்' என்று மட்டும் சொல்கிறானே, அதுதான் சல்லன். நம் பேச்சில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது. 'ஐ ஆம் சல்லன்' என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. அந்தப் பையனுக்காவது காரணம் உண்டு, போனைக் கொடுத்தால் தெளிந்துவிடுவான். மொரோஸ் ஆசாமிக்குப் பெரும்பாலும் அதுவே சுபாவம், சுத்த உம்மணாமூஞ்சி.

மெலன்கலிக்கு மட்டும் தனி மரியாதை. கிரேக்கத்தில் இதற்குக் கரும்பித்தம் என்று பொருள். நாம் வாத பித்த கபம் என்பதுபோல, ஐரோப்பாவின் பழைய வைத்தியர்கள் இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்காகப் பிரித்து, கடைசியில் உள்ளது கூடிப்போனால் மனம் வாடும் என்றார்கள். நாளடைவில் அது படித்தவர்களுக்கும் கலைஞர்களுக்கும் வரும் சீக்கு என்று பெயர் வாங்கிவிட்டது. 1514-இல் ஜெர்மன் ஓவியர் டியூரர் செதுக்கிய 'மெலன்கோலியா' என்ற சித்திரத்தில் சிறகு முளைத்த ஒரு பெண், கையில் கவராயம் இருந்தும் ஒரு வேலையும் ஓடாமல் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள், ரம்பமும் இழைப்புளியும் காலடியில் கிடக்கின்றன. 1621-இல் ராபர்ட் பர்ட்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் மெலன்கலியைப் பற்றியே தடிமனாக ஒரு புத்தகம் எழுதினார். இன்றும் இந்தச் சொல்லில் கொஞ்சம் இனிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு பாட்டு மெலன்கலியாக இருக்கலாம், புன்னகைகூட இருக்கலாம். மொரோஸான புன்னகை என்று ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்.

சாட்டர்னைன் என்று இன்னொன்று உண்டு, நேராகச் சனியிலிருந்து வந்தது. சனியின் பார்வையில் பிறந்தவர் இறுக்கமும் சுணக்கமுமாக இருப்பார் என்பது அங்கேயும் ஜோதிடம்தான். நம்மவர்கள் சனிக்கு மந்தன் என்றே பெயர் வைத்தார்கள், வெறுங்கண்ணுக்கு நன்றாகத் தெரியும் கிரகங்களில் அதுதான் மெதுவானது, ஒரு சுற்றுக்குச் சுமார் 29½ ஆண்டு. சாட்டர்னைன் நாவலில் படிக்க நன்றாக இருக்கும், மின்னஞ்சலில் போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக டிஸ்மல். லத்தீனில் 'கெட்ட நாட்கள்' என்பதிலிருந்து வந்தது, நம் கரிநாள் மாதிரி இடைக்கால ஐரோப்பாவின் நாட்காட்டியிலும் மாதத்துக்கு இரண்டு நாள் ஆகாத நாள். எழுத்தாளர் தாமஸ் கார்லைல் 1849-இல் பொருளாதாரத்தை 'டிஸ்மல் சயன்ஸ்' என்று திட்டியதும் இந்தச் சொல்லால்தான். இப்போது இது மனிதர்களைவிட மழைநாள், மதிப்பெண், தோற்ற அணியின் ஆட்டம் போன்றவற்றுக்குத்தான் அதிகம் வருகிறது, கூடவே 'படுமட்டம்' என்ற பொருளும் சேர்ந்துகொள்ளும். அதனால் அலுவலகத்தில் கவனம் தேவை. மேலாளர் எழுதிய அறிக்கையை க்ளூமி என்றால் அதில் உள்ள செய்தி சரியில்லை என்று எடுத்துக்கொள்வார். டிஸ்மல் என்றால் அவர் எழுதிய லட்சணத்தைச் சொல்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்.